சொந்தக்காரர் இல்லாத இடத்துக்கு ஒரு வண்டி

கொடிகாமம். பகல் பன்னிரண்டரை மணி. விறாந்தையில் ஐந்து வாழையிலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாயிற்று. படலைக்கு வெளியே, வேலியை உரசியபடி ஒரு வெள்ளை வண்டி நின்றது. இருபத்திரண்டு அடி நீளம். உள்ளே இரண்டு கட்டில், ஒரு குசினி, நின்றபடி குளிக்க ஓர் அறை, ஒரு மடக்கு மேசை. அதற்குள் என் அக்கா ராணி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள்.

அத்தான் கண்ணாடியில் தட்டினார்.

“இஞ்சாரும், இறங்கும். எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

“நான் இறங்கமாட்டன்.”

“அஞ்சு நிமிசமப்பா.”

“உங்கடை அஞ்சு நிமிசம் எனக்குத் தெரியும்.”

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் படலைவரை வந்தவர் இறங்காமல் இருப்பதில்லை. கோபக்காரர் அந்தத் தெருவாலேயே போகமாட்டார். வந்துவிட்டால் இறங்குவார், ஒரு மிடறு தண்ணீராவது குடிப்பார். படலையடியில் நின்றுகொண்டு இறங்காமல் இருப்பதற்கு எங்களிடம் ஒரு சொல்கூட இல்லை. முப்பத்தைந்து வருடம் பத்திரிகையில் தலைப்புப் போட்டவன் நான். அந்தக் காட்சிக்கு எனக்குத் தலைப்பு வரவில்லை.

நானூறு பாகங்கள்

போன கிழமை இந்தப் பத்தியில் அச்சகத்துப் பூனையைப் பற்றி எழுதியதற்கு நான்கு கடிதங்கள் வந்தன. நான்கிலும் பூனையைத்தான் சுகம் விசாரித்திருந்தார்கள். ஆகவே இந்தக் கிழமை நான் ஓரமாக நிற்கிறேன். அத்தான் முன்னால் வரட்டும்.

அத்தானின் பெயர் தர்மலிங்கம். ரொறன்ரோவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற முதல் பனிக்காலத்தில் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைக் கண்டுபிடித்தார். அவர்கள் வீட்டை விற்றுவிட்டு ஒரு வீட்டு வண்டியில் நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் போட்ட காணொளியில் அத்தான் நானூறு பாகங்கள் பார்த்தார். அவருக்குப் பிடித்தது எஞ்சின். பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தபடி பார்த்த அக்காவுக்குப் பிடித்தது வேறு.

“நானூறு பாகமும் பாத்தன், தம்பி,” என்று தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். “ஒருத்தரும் வந்து ‘எப்ப வந்தனீங்கள், ஏன் சொல்லேல்லை, சாப்பிட்டீங்களோ’ எண்டு அவையளைக் கேக்கேல்லை. ஒருத்தரும்!”

அக்காவுக்கு அறுபத்து நான்கு வயது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள், செத்தவீடு. மண்டபம் மாறும், சேலை மாறும், முகங்கள் மாறா.

ஒருமுறை நயாகராவுக்குப் போனார்கள். நாற்பது பேர், நான்கு வான், ஐந்நூறு இடியப்பம். அக்கா நீர்வீழ்ச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடியப்பத்துக்குச் சொதி ஊற்றினாள். நீர்வீழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்டேன். “சத்தம் கேட்டது,” என்றாள்.

அவள் கேட்டது மிகச் சிறிய விஷயம். “எனக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லாத இடத்திலை ஒரு பொழுது இருக்கவேணும், தம்பி. அவ்வளவுதான். ஒருத்தருக்கும் சமைக்கவும் வேண்டாம், ஒருத்தரைப் பாத்துச் சிரிக்கவும் வேண்டாம்.”

அத்தான் அதற்கு ஒத்துக்கொண்டார். அவருக்கு வண்டி வேண்டும், அக்காவுக்கு இடம் வேண்டும். இருவரும் ஊருக்கு வந்ததும், நீர்கொழும்பில் ஒருவரிடம் ஆறு நாளுக்கு வாடகைக்கு எடுத்து, சாரதியோடு எங்கள் ஊர் புத்தூருக்கு வரவழைத்தார். புத்தூரிலிருந்து தீவின் தென்கோடி, தேவேந்திரமுனை வெளிச்சவீடுவரை. திரும்பும்போது கிழக்குக் கரையால்.

கூட வந்தவர் அத்தானின் பள்ளித் தோழர் ஜெபநேசன் மாஸ்டர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவர். பயணத்துக்கு அவர் கொண்டுவந்தவை நான்கு: ஒரு மடிப்புப் படம், ஒரு பென்சில், ஓர் அழிறப்பர், நல்ல பசி. நான் வந்தது அக்காவின் தம்பி என்பதால். என் மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி விலகிக்கொண்டாள். அந்த ஆறு நாளில் எங்கள் குடும்பத்தில் எடுக்கப்பட்ட ஒரே புத்தியான முடிவு அது.

தெற்கே போக வடக்கே

முதல்நாள் காலை மாஸ்டர் படத்தில் தேவேந்திரமுனையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். வண்டி ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறியது. சாரதி சுனில் மாத்தறைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது, அளவாகத் தமிழ் கதைப்பார். தெற்கே திருப்பப் போனார்.

“வடக்காலை விடும்,” என்றார் அத்தான். “கீரிமலையிலை ஒரு முழுக்குப் போட்டு, நகுலேஸ்வரத்திலை ஒரு அருச்சனை செய்துபோட்டுத்தான் தூரப் பயணம்.”

“தருமு, தெற்கை போறதுக்கு வடக்கை போறம்,” என்றார் மாஸ்டர்.

“பூமி உருண்டைதானே, ஜெபம்?”

“ஓம். உந்தப் பக்கத்தாலை போனால் காங்கேசன்துறை வரும். பிறகு கப்பல் ஏறவேணும். பிறகு இந்தியா. தேவேந்திரமுனைக்கு உது கொஞ்சம் சுத்து.”

கீரிமலையில் முழுகினோம். அக்கா பெண்கள் கேணிக்குள் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி நின்றாளாம். பக்கத்தில் நின்ற பெண் கேட்டாளாம்: “நீங்கள் புத்தூர் ராணியக்காவோ?”

அருச்சனை முடிந்ததும் அத்தான் பையிலிருந்து ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்தார். அதில் முப்பத்தொரு வீடுகள் இருந்தன. இருக்கும் ஊர், உறவு முறை, கடைசியாகப் போன வருடம் என்று கோடு போட்டுப் பிரித்திருந்தார். பண்டகசாலைப் பழக்கம்.

“உங்கை காங்கேசன்துறையிலை எங்கடை சித்தப்பாவின்ரை மகன் இருக்கிறான். அஞ்சு நிமிசம் எட்டிப் பாத்திட்டுப் போவம்.”

இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் இன்னொரு வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். போன வீட்டார் போகாத வீட்டாருக்கு உடனே தொலைபேசி எடுப்பார்கள். “இஞ்சை வந்தவை. அங்கை வரேல்லையோ?” கேள்வி அப்பாவியானதுபோல் இருக்கும். பத்து வருடம் கதைபேச்சு இல்லாமற்போக அது போதும்.

சாதாரண வாகனமாக இருந்தால் ஒளித்து ஓடலாம். இருபத்திரண்டு அடி வெள்ளை வண்டியை எங்கே ஒளிப்பது? அது எந்தச் சந்தியில் நிற்கிறது என்பது எங்களுக்கு முன்பே அடுத்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

பத்திரிகைப் பழக்கத்தில் நான் நேரம் குறித்தேன். அத்தானின் ஐந்து நிமிடங்களில் மிகக் குறுகியது ஒரு மணி ஐம்பது நிமிடம். அந்த வீட்டில் ஆட்கள் இல்லை. வரும்வரை காத்திருந்தோம்.

குளியலறையில் பலாப்பழம்

முதல்நாள் மூன்று வீடு. இரண்டாம் நாள் நான்கு. எல்லாம் எங்கள் வலிகாமப் பக்கம். மூன்றாம் நாள் வடமராட்சியிலிருந்து ஒரு மாமா தொலைபேசி எடுத்து, “வலிகாமத்து ஆக்கள்தான் உங்களுக்கு ஆக்களோ?” என்று கேட்டதால் நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் போனோம். புத்தூரை மூன்று தடவை கடந்தோம். மூன்றாம் தடவை என் மனைவி படலையில் நின்று கை காட்டினாள்.

வண்டியின் குசினியை ஒருவரும் பற்றவைக்கவில்லை. எந்த வீட்டில் விடுவார்கள்? கட்டிலில் ஒருவரும் படுக்கவில்லை.

“வாசல்லை வந்து வண்டிக்கை படுத்தால் ஊர் என்ன சொல்லும்? எங்கடை வீட்டிலை பாய் இல்லையோ?” என்றார்கள். வண்டியிலிருந்த கழிப்பறைக்கு அக்கா ஒருமுறை போய்விட்டு வந்தபோது, அந்த வீட்டு மனுசி முகம் சிவந்து, “ஏன் ராணி, எங்கடை கக்கூசு துப்பரவில்லையோ?” என்றாள்.

வண்டியில் தூங்கியவர் சுனில் ஒருவர்தான். ஒவ்வொரு விடியலிலும் எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தூங்கிய முகத்தோடு இறங்குவார்.

போன வீடெல்லாம் வெறுங்கையோடு விடுமா? குளியலறையில் இரண்டு பலாப்பழம், பதினாறு தேங்காய். அடுப்பின்மேல் முருங்கைக்காய்க் கட்டு. மேல்கட்டிலில் ஒடியல், பினாட்டு, புழுக்கொடியல் என்று பனம்பண்டங்கள். நான்காம் நாள் வண்டிக்குள் கொடிகாமம் சந்தையின் மணம் வந்துவிட்டது. கொடிகாமம்தான் இன்னும் வரவில்லை.

சாவகச்சேரியில் தேநீருக்கு நிறுத்தியபோது ஒரு வயதானவர் படியில் ஏறி, வாயைத் திறந்து, கடைவாய்ப் பல்லைச் சுனிலுக்குக் காட்டினார். வெள்ளை வண்டி, படி, திரைச்சீலை. இலவசமாகப் பல்லுப் பிடுங்க வந்த வண்டி என்று நினைத்துவிட்டார். சுனில் பொறுமையாக எட்டிப் பார்த்து, “ஐயா, இது புடுங்கத்தான் வேணும், வேற இடம் போங்க,” என்றார். மொத்தப் பயணத்திலும் ஒருவருக்கு உருப்படியாகக் கிடைத்த வழிகாட்டல் அது.

ஒவ்வொரு காலையும் மாஸ்டர் படத்தை விரித்து அழிறப்பரை எடுப்பார். தேவேந்திரமுனை வட்டம் இரண்டாம் நாள் மாத்தளைக்கு ஏறியது. மூன்றாம் நாள் அநுராதபுரம். நான்காம் நாள் வவுனியா. அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் நாள் காலை, வண்டி மறுநாள் விடிய நீர்கொழும்புக்குத் திரும்பவேண்டிய நிலையில், வட்டம் கிளிநொச்சியில் விழுந்தது.

“கிளிநொச்சியிலை இவரின்ரை பெரியப்பாவின்ரை பேத்தி இருக்கிறாள்,” என்றாள் அக்கா. “மாஸ்டர், உங்கடை படத்திலை எங்களுக்கு ஒருத்தரும் இல்லாத இடம் எது?”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நெடுநேரம் தேடினார்.

“பளையிலை ஆக்கள் இருக்கினம். பரந்தனிலை இருக்கினம். இயக்கச்சி தாண்டினால் ஆனையிறவு. அதிலை ஒருத்தரும் இல்லை, பிள்ளை. உப்புத்தான்.”

“அங்கை போவம்.”

“ஓமப்பா, ஓம்,” என்றார் அத்தான். “போறவழியிலை கொடிகாமத்திலை அஞ்சு நிமிசம்.”

கிணற்றடி

அந்தக் கொடிகாமத்து வீடு எங்கள் மாமி மகள் பூரணத்தின் வீடு. எனக்கும் அக்காவுக்கும் மச்சாள். அத்தானின் கொப்பியில் அது இருபதாவது. எங்கள் கணக்கில் முதலாவது.

போரில் ஊரோடு எல்லோரும் எழுந்து இந்தத் தென்மராட்சிக்கு நடந்த அந்த வருடம், நாங்கள் வந்து ஒதுங்கிய விறாந்தை அது. அறுபது பேர். எனக்கு ஒரு தூணடி கிடைத்தது. அக்காவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளோடு குசினி வாசல். பூரணம் மச்சாள் தன் சேலைகளை எடுத்து மாற்றிக் கட்டத் தந்தாள். ஐந்து மாதம். ஒருநாள்கூட ‘எப்ப போவியள்’ என்று அவள் முகம் கேட்டதில்லை.

ஆகவே இறங்க மறுக்க அக்காவுக்குத் தெரிவுசெய்ய வேறு முப்பது படலைகள் இருந்தன. அவள் தெரிவுசெய்தது இந்தப் படலையை.

பத்து நிமிடம் அத்தான் கண்ணாடியில் தட்டினார். பிறகு என்னை உள்ளே அனுப்பினார். நான் பக்கக் கதவால் ஏறினேன். அக்கா மடக்கு மேசையில் இரண்டு கையையும் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இறங்கினால் சாப்பாடு. சாப்பிட்டால் கொஞ்சம் சரியச் சொல்லுவினம். பிறகு தேத்தண்ணி. பிறகு பளை. நாளைக்கு விடிய வண்டி போயிடும்,” என்றாள். “நான் இறங்கமாட்டன், தம்பி.”

அப்போது வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. பூரணம் மச்சாள் ஏறிவிட்டாள். நல்ல உடம்பு, கையில் பாயசச் செம்பு, இடுப்பில் செருகிய சேலை. பலாப்பழத்தையும் முருங்கைக்காயையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“உதுக்கை என்ன சந்தையோ வைச்சிருக்கிறாய்? எடியே ராணி, இலை காயுது. இறங்கு.”

“மச்சாள், குறை நினையாதை. என்னாலை இறங்கேலாது.”

“ஏன், என்ரை வீடு உனக்குச் சின்னனாப் போச்சோ?”

“இல்லையடி. எனக்கு ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஒருக்காப் போகவேணும். அஞ்சு நாளாக் கேக்கிறன்.”

பூரணம் பாயசச் செம்பை மேசையில் வைத்தாள்.

“அப்ப அறுபது பேர் விறாந்தையிலை கிடந்த காலத்திலை, மத்தியானத்திலை நீ போய்க் கிணத்துக்கட்டுக்குப் பின்னாலை குந்தி ஒளிச்சிருப்பாய். நான் கண்டனான். தண்ணி அள்ள வாற சனத்தை, ‘கயிறு அறுந்துபோச்சு, பிறகு வாங்கோ’ எண்டு திருப்பி விடுறனான்.”

அக்கா தலையை உயர்த்தினாள். “அது நீயோ? நான் உண்மையாவே கயிறு அறுந்ததெண்டு இருந்தன்.”

“அஞ்சு மாசமோ அறுந்த கயிறு? விசரி.” பூரணம் இருக்கையில் அமர்ந்தாள்; வண்டி மறுபடி சாய்ந்தது. “எடுக்கச் சொல்லு. நானும் வாறன்.”

“நீ வந்தால் சொந்தக்காரர் ஒராள் வந்திடுமே!”

“கதைக்கமாட்டன். சத்தியம்.”

அக்கா முன்னால் குனிந்து, “சுனில் தம்பி, எடுங்கோ,” என்றாள்.

சுனில் ஐந்து நாளாகக் காத்திருந்தவர்போல் எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே அத்தான் ஒரு கையை உயர்த்தியபடி கூட நடந்தார், பிறகு நின்றுவிட்டார். மாஸ்டர் தன் இலைக்கு முன்னால் ஏற்கெனவே சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே படத்தைத் தூக்கி எங்களுக்கு ஆட்டினார். எழும்பவில்லை.

உப்பு

பளையைக் கடக்கும்போது அத்தானின் பெரியம்மா மகன் கடை வாசலில் நின்றார். சிரித்தபடி கையை நீட்டி வண்டியை மறிக்கப் பார்த்தார்; சுனில் நிறுத்தவில்லை. அக்கா திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கைபேசி அடித்தது. முருங்கைக்காய்க் கட்டுக்குக் கீழே தள்ளினாள். அங்கேயும் அடித்தது.

ஆனையிறவில், தென்னிலங்கைப் பேருந்துகளில் வருவோர் இறங்கிப் படம் பிடிக்கும் இடத்தைத் தாண்டிச் சுனில் ஓரம் கட்டினார். இறங்கினோம். வெயில் தலையில் இறங்கியது. காய்ந்து வெடித்த சேறு, அதன்மேல் வெள்ளையாய் உப்புப் படை, அப்பால் தகடுபோல் தண்ணீர். தூரத்தில் சில வெள்ளைப் பறவைகள். மரம் இல்லை, வேலி இல்லை, படலை இல்லை.

வண்டியோடு வந்த மடக்குக் கதிரைகள் இன்னும் பொலித்தீன் உறையோடு இருந்தன. வண்டியின் நிழலில் அவற்றை விரித்தோம். அக்கா உள்ளே போய், முருங்கைக்காயை அகற்றி, அடுப்பை முதன்முறையாகப் பற்றவைத்து, நான்கு தேநீர் போட்டாள். ஒன்று சுனிலுக்கு. அவர் அதை வாங்கிக்கொண்டு முன் ஆசனத்துக்குப் போய்விட்டார். ஐந்து நாளில் அக்காவுக்கு வேண்டியது என்ன என்று ஒருவரும் சொல்லாமல் விளங்கிக்கொண்டவர் அவர்.

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். எழுதுவதற்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

இடையில் ஒரு ரயில் யாழ்ப்பாணப் பக்கம் போனது. யன்னல்களில் தலைகள். அக்கா சட்டென்று முந்தானையால் முகத்தை மறைத்தாள். “உதுக்கை எப்படியும் நாலு பேர் இருப்பினம்.”

பூரணம் நாற்பது நிமிடம் சத்தியத்தைக் காப்பாற்றினாள். நான் நேரம் குறித்தேன். பிறகு, “தேத்தண்ணிக்குச் சீனி காணாது,” என்றாள்.

“ஓம்,” என்றாள் அக்கா.

இருவரும் சிரித்தார்கள். அக்கா எழுந்து, கைபேசியை எடுத்து வந்து ஒரே ஒரு படம் பிடித்தாள். பிறகு கதிரையை மடித்தாள்.

முப்பத்தொரு வீட்டுக்கும் செய்தி

நாங்கள் திரும்பியபோது அத்தான் சாப்பிட்டிருந்தார். கோபத்திலும் இரண்டாம் முறை சோறு வாங்கினார் என்று மாஸ்டர் சொன்னார். மாஸ்டர் அக்காவிடம் கேட்டது ஒன்றுதான்: “ஒருத்தரும் இல்லைத்தானே?”

“இல்லை, மாஸ்டர்.”

“நான் சொன்னனான்,” என்றார். ஒரு புவியியல் ஆசிரியருக்கு அது போதும்.

பளையிலிருந்து பதினொரு அழைப்பு வந்திருந்தது. “வீட்டடியாலை போனவையாம், எட்டிப் பாக்கேல்லையாம்.” மறுநாள் விடிய, சுனில் இரண்டு பலாப்பழத்தோடும் பதினாறு தேங்காயோடும் தெற்கே போனபின், அத்தான் ஓட்டோ பிடித்துப் பளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஐந்து நிமிடம் என்று சொல்லிப் போனவர் மறுநாள் வந்தார்.

அக்காவுக்கு விசர் பிடித்துவிட்டது என்றது கொடிகாமம். திமிர் என்றது பளை. சொந்த ஊர் என்பதால் புத்தூர் இரண்டையும் சொன்னது. பூரணம் மச்சாளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் எல்லோருக்கும் பயம்.

விமானம் ஏறுவதற்கு முந்திய மாலை, எங்கள் வீட்டில் அத்தான் வந்தவர்களுக்குப் பயணப் படங்கள் காட்டினார். முந்நூற்றுச் சொச்சம். எல்லாம் ஒரே படம்தான்: ஒரு படலை, முன்னால் வரிசையாகச் சிரிக்கும் ஆட்கள், பின்னால் வெள்ளை வண்டி. அவை முடிந்ததும் அக்காவின் கைபேசியை வாங்கினார். அதில் அந்த ஆறு நாளுக்கும் ஒரு படம்தான் இருந்தது. வெள்ளைத் தரை, தண்ணீர், வானம்.

அத்தான் அதை வெளிச்சத்துக்குப் பிடித்தார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். இடப்பக்கம் தள்ளினார், வலப்பக்கம் தள்ளினார், மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்தார்.

“இஞ்சாரும், உதிலை ஆர் நிக்கிறது?”

அக்கா முருங்கைக்காய் முறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வடிவாத் தேடிப் பாருங்கோ,” என்றாள்.